ஆடியிலும் கல்யாணம் உண்டு: ஒரு ஸ்டுடியோவின் விளம்பரத்தைக் கழற்றி மாட்டிய பதிவு

மயிலாடுதுறைப் பக்கம் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு வருடத்தில் பன்னிரண்டு மாதம் கிடையாது. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் கணக்கில் வராது. சில குடும்பங்களில் பங்குனியையும் தள்ளிவிடுவார்கள். மீதி மாதங்களிலும் நல்ல வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஒரே நாளுக்கு நான்கு பேர் கேட்பார்கள்; அந்த நாள் போய்விட்டால் கேமரா பைக்குள்ளேயே கிடக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சமாவது சமன் செய்ய வேண்டும் என்று, வேலை இல்லாத ஓர் ஆடியில் ஸ்டுடியோவின் விளம்பரம் மொத்தத்தையும் கழற்றி மாட்டத் தொடங்கினேன். எது பலித்தது, எது பணத்தைத் தின்றது என்பதை இதே தொழிலில் இருப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

எதிலும் கை வைப்பதற்கு முன் ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். அழைத்தவர் மணமக்களுக்கு என்ன உறவு, எந்த ஊரிலிருந்து பேசுகிறார், என்ன விசேஷம், எங்களைப் பற்றி எப்படித் தெரியும், முடிவு சொல்லப் போகிறவர் யார், கடைசியில் என்ன ஆயிற்று. இவ்வளவுதான் பத்திகள். ‘கூகுளில் பார்த்தேன்’ என்றால் அதோடு விடுவதில்லை. என்ன எழுதித் தேடினார் என்று கேட்டு அதை அப்படியே குறித்துக்கொள்வது. ‘சொந்தக்காரர் சொன்னார்’ என்றால் எந்தச் சொந்தக்காரர், யார் வீட்டு ஆல்பத்தைப் பார்த்தார்கள் என்று கேட்பது. ஸ்டுடியோவில் போன் எடுக்கும் தம்பிக்கு இதில் கூச்சம். “அண்ணே, வேலையே இன்னும் உறுதியாகவில்லை. இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?” என்றான். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. யார் மூலம் வந்தோம் என்று சொல்வதில் நம் மக்களுக்கு ஒரு பெருமை. அப்படிச் சொன்னால் விலை குறையும் என்ற நம்பிக்கையும் உண்டு.

நோட்டு நிரம்ப நிரம்ப, வருகிறவர்கள் இரண்டு வகையாகப் பிரிவது தெரிந்தது. உள்ளூர்க் கல்யாணத்தில் மணமக்கள் இன்ஸ்டாகிராமைப் பார்த்துவிட்டு ஆசைப்படுவார்கள். ஆனால் ‘சரி’ என்று சொல்வது பெரியப்பாவோ, கட்டிக்கொடுத்த அக்காவோ, பத்திரிகை அடிப்பதிலிருந்து பந்தி வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும் ஒரு சித்தப்பாவோதான். அவர்கள் யாரும் ரீல்ஸ் பார்த்து முடிவெடுப்பதில்லை. யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஆல்பத்தைப் புரட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாம் வகை, திருக்கடையூரில் பெற்றோருக்கு அறுபதாம் கல்யாணம் செய்கிறவர்கள். அவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். இங்கே அவர்களுக்கு ஆள் தெரியாது. தேடுவார்கள், பார்ப்பார்கள், அழைப்பார்கள். சொல்வது தெளிவாக இருந்தால் அந்த அழைப்பிலேயே முன்பணம் வந்துவிடும்.

இந்த இரண்டாவது கூட்டத்தை நான் அதுவரை உபரி வேலை என்றே நினைத்துவந்தேன். நோட்டைப் பார்த்த பிறகு அதுதான் ஆடிக்கும் மார்கழிக்கும் மருந்து என்று புரிந்தது. காரணம் எளிது. சஷ்டியப்த பூர்த்திக்கு முகூர்த்த மாதம் பார்ப்பதில்லை. அவரவர் பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் வரும் நாளில் செய்கிறார்கள். ஆடியில் பிறந்தவருக்கு ஆடியில்தான் மணிவிழா. மார்க்கண்டேயனுக்காகக் காலனை ஈசன் உதைத்த தலம் என்பதால் அறுபதுக்கும், எழுபதில் செய்யும் பீமரத சாந்திக்கும், எண்பதில் செய்யும் சதாபிஷேகத்துக்கும் அமிர்தகடேசுவரர் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே வருடம் முழுக்க நடக்கும் கல்யாணம்.

அடுத்து கூகுள். கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் எங்கள் பிசினஸ் புரொஃபைலைத் திறந்து பார்த்தால் முகவரியில் இன்னும் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே இருந்தது. 2020 டிசம்பரிலேயே மயிலாடுதுறை தனி மாவட்டமாகிவிட்டது. முதலில் அதைத் திருத்தினேன். கடைப் பெயரோடு ‘சிறந்த’, ‘நம்பர் 1’, ‘திருக்கடையூர்’ என்றெல்லாம் ஒட்டிக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். பெயர்ப்பலகையில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். ஆள் உட்காராத இடத்துக்கு ஒரு முகவரி உண்டாக்கித் திருக்கடையூரில் கிளை இருப்பதுபோல் காட்டுவதும் அதே ரகம். அதற்கெல்லாம் அவசியமும் இல்லை. சேவைப் பகுதிகள் என்று 20 ஊர் வரை சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. திருக்கடையூர், தரங்கம்பாடி, சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், குத்தாலம், திருமணஞ்சேரி, கும்பகோணம் என்று, நாங்கள் உண்மையில் போய் எடுக்கும் ஊர்களை மட்டும் சேர்த்தேன்.

தேடலில் மேலே வருவதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்வது மூன்று: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடையின் பிரபலம். தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டுக்கும் கைகொடுப்பவை மதிப்புரைகள். தள்ளுபடியோ பரிசோ கொடுத்து மதிப்புரை வாங்குவதற்கு அனுமதி இல்லை. அப்படி வாங்கிய ‘சூப்பர் சார்’ மதிப்புரைகளால் பயனும் இல்லை. கேட்கும் நேரத்தை மட்டும் மாற்றினேன். முன்பு பாக்கித்தொகை வாங்கும்போது கேட்போம். எந்த மனிதனும் பணம் எண்ணிக்கொண்டே பாராட்டு எழுத மாட்டான். இப்போது ஆல்பத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து புரட்டி முடித்து, காபி வந்த பிறகு, வீட்டில் போனை நன்றாகக் கையாளத் தெரிந்த மருமகளிடமோ மகனிடமோ, மதிப்புரை எழுதும் பக்கத்தைத் திறக்கும் க்யூஆர் அட்டையைக் காட்டுகிறோம். “விசேஷம் எங்கே நடந்தது, என்ன எடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்மா. குறை இருந்தால் அதையும் எழுதுங்கள்” என்று சொல்லிவிடுகிறோம். இப்படி எழுதுகிறவர்கள் தாங்களாகவே ‘திருக்கடையூர்’, ‘அறுபதாம் கல்யாணம்’ என்று எழுதுகிறார்கள். தேடுகிறவரும் அதைத்தான் தட்டச்சு செய்கிறார் என்று நோட்டில் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

புரொஃபைலில் இருந்த கேமரா, லென்ஸ், ஜிம்பல் படங்களையெல்லாம் நீக்கிவிட்டேன். அவற்றைப் பார்த்து வியப்பவன் இன்னொரு போட்டோகிராபர்தான்.

மாதிரிப் படங்களில் செய்த மாற்றம் எனக்கே பிடித்தது. எல்லாரும் செய்வதுபோல் பத்து விசேஷங்களிலிருந்து பத்து அழகான படங்களைப் பொறுக்கி வைத்திருந்தோம். பெங்களூரில் இருந்து பேசுகிற மகளுக்கு அதில் பதில் இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. ஹோமப் புகையில் அப்பா முகம் தெரியுமா? அத்தனை கூட்டத்தில் அத்தையும் மாமாவும் விடுபட்டுவிடுவார்களா? அம்மா நனைந்த புடவையில் இருக்கும்போது கண்ணியமாக எடுப்பார்களா? ஆகவே ஒரே ஒரு மணிவிழாவை, அந்தக் குடும்பத்தின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு, பிள்ளையார் பூஜையிலிருந்து ஆசீர்வாதம் வரை வரிசை மாறாமல் ஒரு தொகுப்பாக்கினேன். கலச பூஜை, கோ பூஜை, ஹோமம், கலச அபிஷேகம், உடை மாற்றி வந்து மாலை மாற்றுவது, மாங்கல்ய தாரணம், வரிசையாக வந்து காலில் விழும் பிள்ளைகள், கடைசியில் பந்தி. சுமாரான படங்களும் அதில் உண்டு. வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

அதில் ஒரு படம் மட்டும் தனியாக வேலை செய்கிறது. தலைக்கு மேல் சல்லடை பிடித்திருக்கிறார்கள். பேத்தி இரண்டு கையாலும் சொம்பைத் தூக்கி ஊற்றுகிறாள். மூக்குக்கண்ணாடி கழற்றிய தாத்தாவின் முகத்தில் நீர் பல இழைகளாக இறங்குகிறது. பக்கத்தில் பாட்டி சுளித்த முகத்தோடு ஒரு கண்ணை மட்டும் திறந்து பேத்தியைப் பார்க்கிறாள். நேர்த்தியான படம் இல்லை. இடது ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் போனில் பேசுகிறவர்களில் பலர் “அந்தக் குழந்தை தண்ணீர் ஊற்றும் படம் மாதிரி” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். முழங்கையை அழித்துவிடலாம் என்று தம்பி சொல்லிக்கொண்டே இருக்கிறான். நான் விடவில்லை.

விலைப்பட்டியலுக்கு வருகிறேன். ‘நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்’ என்பது நம் தொழிலின் பழைய மந்திரம். வெளியூர்க்காரர் நேரில் வர மாட்டார். அடுத்த கடைக்குப் போன் போடுவார். ஒரே பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், தொகையை மேலேயே போட்டு ஒரு தாள் தயாரித்தேன். எத்தனை மணி நேரம், எத்தனை பேர் வருவோம், எத்தனை படங்கள் எந்தத் தேதிக்குள், 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் எத்தனை தாள், முன்பணம் எவ்வளவு, தேதி மாறினால் என்ன ஆகும். செய்ய முடியாதவற்றையும் தனியாக எழுதினேன். மூலவர் சந்நிதியில் கேமரா கிடையாது. கோயிலுக்கு மேல் ட்ரோன் பறக்கவிட மாட்டோம். புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டு ‘இன்னொரு முறை’ காட்டச் சொல்ல மாட்டோம். இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டே வேலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வரி போடுங்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், எங்கள் சேவைக்கு வரி 18 சதவீதம். அது தொகைக்குள் அடக்கமா, தனியா என்று முதலிலேயே சொல்லாவிட்டால் பில் கொடுக்கும்போது மனக்கசப்புதான்.

தாளை அனுப்புவதற்கு முன் சில கேள்விகள் கேட்போம். யாருக்கு, எத்தனையாவது வயது? கோயிலிலா, மண்டபத்திலா? எத்தனை கலசம்? காலை எத்தனை மணிக்குத் தொடக்கம்? எத்தனை பிள்ளைகள், எத்தனை குடும்பம் வருகிறது? “எத்தனை கலசம்?” என்று கேட்டவுடனேயே எதிர்முனையில் குரல் மாறும். ‘இவர்களுக்கு விஷயம் தெரியும்’ என்ற நிம்மதி. விலை பேசுவது அதற்குப் பிறகு சுலபம். அமெரிக்காவில் இருக்கிறவர்கள் நம் நள்ளிரவில் செய்தி அனுப்புவார்கள். அதற்கு வாட்ஸ்ஆப் பிசினஸில் தானியங்கிப் பதில் வைத்தேன்: எத்தனை மணிக்கு அழைப்போம், அதுவரை பார்ப்பதற்குத் தொகுப்பின் சுட்டி. மாதிரிப் படங்களை வாட்ஸ்ஆப்பில் வெறும் படமாக அனுப்பினால் சுருக்கித் தள்ளிவிடும். டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

இனி உள்ளூர். இங்கே ஆல்பமே விளம்பரம் என்று சொன்னேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய ஆல்பம் ஒரு வீட்டில்தான் இருக்கும். அதுவும் பீரோவுக்குள், வெள்ளித் தட்டுக்குப் பக்கத்தில். மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் பெண் வீட்டுச் சொந்தங்கள் பார்ப்பதில்லை. அதனால் கல்யாண ஆல்பத்தோடு 8க்கு 12 அளவில் சில தாள்களே உள்ள ஒரு சிறு பிரதியையும் அச்சிட்டு, அதைப் பெரிய ஆல்பம் போகாத சம்பந்தி வீட்டுக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதன் செலவு எங்களுடையது. அதை விளம்பரக் கணக்கில் எழுதுகிறேன். கனமான அட்டை இல்லாததால் பீரோவுக்குள் போகாமல் டீப்பாயிலேயே கிடக்கும். கடைசிப் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் ஸ்டுடியோ பெயரும் எண்ணும். பந்தியில் சாப்பிடுகிறவர்களின் படங்களையும் அதில் தாராளமாகச் சேர்ப்போம், ஏனென்றால் தன் முகம் இருக்கிற பக்கத்தைத்தான் சொந்தக்காரர் அடுத்தவருக்குக் காட்டுவார். மணிவிழாவானால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி. அவர்கள் அதை எடுத்துக்கொண்டு நான்கு ஊர்களுக்குப் போகிறார்கள்.

இதோடு, விசேஷம் முடிந்த மறுநாள் காலை இருபது படங்கள் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம்தான் நிற்கும்; கல்யாண வீட்டுக்காரர்கள் ஸ்டேட்டஸ் போடும் வேகமும் இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும். ஒரு மாதம் கழித்து நாம் கொடுக்கும் அற்புதமான படத்தை விட, மறுநாள் கொடுக்கும் நல்ல படம் அதிகம் பேரிடம் போகிறது. குறுக்கே பெரிதாகப் பெயர் பொறித்துக் கொடுத்தால் வெட்டிவிட்டுப் போடுகிறார்கள். ஓரத்தில் சிறிதாக இருந்தால் விட்டுவிடுகிறார்கள்.

மண்டபங்களில் கமிஷன் கேட்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். கொடுத்தால் அதை வாடிக்கையாளர் தலையில்தான் ஏற்ற வேண்டும், நான் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, மாலை வரவேற்புக்கு அலங்காரம் முடிந்து ஆட்கள் வருவதற்கு முன் மண்டபம் வெறுமையாக இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் மேடையையும் சாப்பாட்டுக் கூடத்தையும் நன்றாக எடுத்து நிர்வாகிக்கு இலவசமாகக் கொடுக்கிறோம். அவர்கள் மண்டப விளம்பரத்துக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சமையல் மாஸ்டருக்கு இலை போட்ட வரிசை, நாதஸ்வரக்காரருக்கு வாசிக்கும்போது எடுத்த ஒரு நல்ல படம். பந்தல்காரர், சமையல்காரர், மேளக்காரர், புரோகிதர் இவர்கள்தான் நம் ஊரில் கல்யாணத் தகவல் நிலையம். நாதஸ்வரம் வாசிக்கிற ஒருவர் தன் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அவரிடமிருந்து வந்த வேலைகளுக்கு நோட்டில் தனிப் பக்கமே இருக்கிறது.

சம்மத விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம்மில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ‘நான் எடுத்த படம், நான் போடுவேன்’ என்பது சட்டப்படி நிற்காது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எனவே விளம்பரத்துக்குப் பயன்படுத்த எழுத்தில் சம்மதம் வேண்டும். எங்கள் ஒப்பந்தத் தாளில் மூன்று கட்டங்கள் வைத்தேன்: படங்களைப் பயன்படுத்தலாம்; குழந்தைகள், பெண்கள் முகம் தெரியாத படங்களை மட்டும் பயன்படுத்தலாம்; எதையும் பயன்படுத்தக் கூடாது. எதில் டிக் செய்தாலும் விலை ஒன்றுதான் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கணிசம். அவர்களை வற்புறுத்துவதில்லை. ‘என் பெண் படத்தை இணையத்தில் போட மாட்டான்’ என்ற பெயரும் ஊருக்குள் பரவத்தான் செய்கிறது.

இன்ஸ்டாகிராமை விட்டுவிடவில்லை, அதற்கான இடத்தில் வைத்திருக்கிறேன். பணம் கட்டிப் பதிவுகளைத் தூக்கிவிட்டுப் பார்த்ததில் விருப்பக்குறிகள் குவிந்தன. நோட்டில் அதன் வழியாக வந்தவை பெரும்பாலும் ‘ரேட் எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டுக் காணாமல் போன செய்திகள்தான். அதை நிறுத்திவிட்டேன். ஒப்பனைக் கலைஞரோடும் அலங்காரம் செய்தவரோடும் சேர்ந்து போடும் கூட்டுப் பதிவுகளுக்குச் செலவும் இல்லை, உள்ளூர் ஆட்களின் கண்ணிலும் படுகிறது. சினிமாப் பாட்டு போடுவதையும் விட்டாயிற்று. வணிகக் கணக்கில் பல பாடல்கள் கிடைப்பதில்லை, உரிமைச் சிக்கலும் உண்டு. தாலி கட்டும்போது பதிவான கெட்டிமேளத்தையே ஒலியாக வைக்கிறோம். அதற்காகத் தவிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய ரிக்கார்டர். பக்கத்தில் வைத்தால் ஒலி கிழிந்துவிடுகிறது. உண்மை மேளத்தில் வருகிற ரீலைப் பெரியவர்களும் முழுதாகப் பார்க்கிறார்கள்.

இப்போது மிக நம்பிக்கையாக இருப்பது பழைய ஒப்பந்தத் தாள்கள் அடுக்கிய அலமாரி. மணமக்களின் கல்யாணத்தை எடுக்கும்போது அவர்களுடைய அப்பாக்களுக்குப் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். நாம் எடுக்கும் ஒவ்வொரு கல்யாணத்திலும் அடுத்த மணிவிழாத் தம்பதிகள் இரண்டு ஜோடி மேடையிலேயே நிற்கிறார்கள். தமிழ் வருடங்கள் அறுபதும் சுற்றி வருவதால் கணக்கும் சுலபம்: 1965 ஏப்ரல் நடுவிலிருந்து 1966 ஏப்ரல் நடுவரை விசுவாவசுவில் பிறந்தவர்களுக்கு 2025–26 விசுவாவசுவில் அறுபது நிறைகிறது, பராபவவில் பிறந்தவர்களுக்கு அதற்கடுத்த வருடம். ஆல்பம் கொடுக்கப் போகும் வீட்டில் “ஐயாவுக்கு எந்த வருடம், என்ன மாதம்?” என்று கேட்டுத் தாளின் மூலையில் குறித்துக்கொள்கிறோம். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஜாதகத்தையே எடுத்துவந்து காட்டியவர்களும் உண்டு. நேரம் வரும்போது மகனுக்கோ மகளுக்கோ ஒரே ஒரு செய்தி, அவர்கள் கல்யாணத்தில் பெற்றோர் இருவரும் சேர்ந்திருக்கும் ஒரு படத்தோடு. விலைப்பட்டியல் கேட்டால் மட்டும் அனுப்புவோம். மொத்தமாக எல்லோருக்கும் ஒரே வாழ்த்தை அனுப்பும் பிராட்காஸ்ட் வேலை இதற்கு ஆகாது. நம் எண்ணைச் சேமித்து வைக்காதவர்களுக்கு அது போய்ச் சேருவதும் இல்லை.

பாக்கி இருக்கும் ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் வீடியோவை டிவியில்தான் பார்க்கிறார்கள். பென்டிரைவைச் செருகினால் படம் ஓடவில்லை என்று போன் வரும். பழைய டிவிகள் பல ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவைத்தான் படிக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஆகவே முழு வீடியோவையும் பூஜை, ஹோமம், அபிஷேகம், மாங்கல்யம், ஆசீர்வாதம் என்று அந்த அளவுக்குள் அடங்கும் எம்பி4 கோப்புகளாக வெட்டி, தமிழில் பெயரிட்டுக் கொடுக்கத் தொடங்கினோம். சில டிவிகளில் தமிழ்ப் பெயர் கட்டங்கட்டமாக வருகிறது. அதற்காகப் பெயருக்கு முன் 1, 2, 3 என்று எண் போட்டு, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு சிறு அட்டையும் வைக்கிறோம். அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த அச்சில் அங்கே க்யூஆர் வந்துவிடும்.